தமியானுக்கு ஒரு தொப்பி

எமெரித்தா நோலாஸ்கோவிடம் பிள்ளைக்குப் பெயர் கேட்டுப் போகிறவர்கள் முதலில் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் "அக்கா, நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க" என்று நின்றால் எரிந்து விழுவாள். "கால் அளவு தெரியாம செருப்பு கேட்டு வந்திருக்கியே" என்பாள். பக்கத்தில் நான் யாராவது ஒருத்தியின் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருப்பேன். எனக்குச் சிரிப்பு வரும். கூடவே எரிச்சலும் வரும். பெயர்ப் பேச்சு தொடங்கிவிட்டால் அவள் கை நின்றுவிடும், டிரையருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற பெண்களும் எழுந்து வந்துவிடுவார்கள். அன்றைய வேலை அதோடு சரி.

எங்கள் ஊர் லா கனேலா. நாலு பக்கமும் கரும்பு, நடுவில் சர்க்கரை ஆலை. ஆலையின் புகைபோக்கிக்கு அடுத்தபடி உயரமாக நிற்பது பேஸ்பால் மைதானத்து ஒலிபெருக்கிக் கம்பம். தன் பிள்ளையின் பெயர் ஒருநாள் அந்தக் கம்பத்திலிருந்து வர வேண்டும், அங்கிருந்து வடக்கே அமெரிக்காவுக்குப் போக வேண்டும் என்று நினைக்காத தாய் தகப்பன் இங்கே கிடையாது. அதனால் எங்கள் ஊரில் பெயருக்கு அர்த்தம் பார்க்க மாட்டார்கள், புனிதர் நாள் பார்க்க மாட்டார்கள். மைக்கில் எப்படி விழுகிறது என்று பார்ப்பார்கள். அந்த மைக்கைப் பிடித்திருந்தவள் எமெரித்தா. வாரம் முழுக்கத் தன் வீட்டு முன்னறையில் பார்லர், ஞாயிற்றுக்கிழமை மதியம் மைக்.

பெண் பிள்ளை மைதானத்தில் ஆடப் போவதில்லை, ஆனாலும் அதற்கும் இதே சோதனைதான். ஒருத்தி மகளுக்கு லூஸ் என்று பெயர் வைக்க ஆசைப்பட்டு வந்தாள், குடும்பப் பெயர் க்ரூஸ். "லூஸ் க்ரூஸ், லூஸ் க்ரூஸ். ஆட்டுக் கழுத்துல மணி கட்டின மாதிரி இருக்கு" என்று அனுப்பிவிட்டாள். ஆலையில் பாய்லர் பார்க்கிற ஒருத்தர் மக்ஸிமிலியானோ என்கர்னசியோன் என்று கொண்டுவந்தார். "இதை நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உன் புள்ள அவுட்டாகி வீட்டுக்குப் போயிருப்பான்யா" என்றாள். நீளமான குடும்பப் பெயருக்குக் குட்டைப் பெயர். கடைசி எழுத்தில் இழுத்துப் பிடிக்க ஓர் இடம். முதல் பெயர் முடிகிற ஓசையிலேயே குடும்பப் பெயர் தொடங்கக் கூடாது. இந்த மூன்றாவதில் மட்டும் அவள் யாருக்கும் இறங்கிவந்தது கிடையாது. "ரூபென் நூன்யெஸ்னு வேகமா சொல்லிப் பாரு. ரூபே நூன்யெஸ்தான் வருது. ஒருத்தன் இன்னொருத்தனை முழுங்கிட்டான். ஆரம்பத்துலயே உன் புள்ளைய அவன் குடும்பம் முழுங்கணுமா?" என்பாள்.

மைக் அவளுக்கு வந்த கதை பெரிதில்லை. பழைய அறிவிப்பாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பியர் போட்டுவிட்டு, மைக் இருக்கிற மரக் கூண்டுக்குள்ளேயே தூங்கிப்போனார். ஆட்டம் தொடங்க வேண்டும். எமெரித்தா தலையில் முடி சுருட்டுகிற ரோலரும் அதன்மேல் கட்டிய துணியுமாக மரப்படி ஏறிப் போய் அவரை ஓரமாக நகர்த்தினாள். கேலரியில் ஆண்கள் சிரித்தார்கள். அவள் முதல் பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அப்படி ஒரு குரல். மறுவாரமும் அவளையே கூப்பிட்டார்கள்.

தலைத்துணி பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தலை செய்து முடித்துவிட்டுத் தன் தலைக்கு அவள் கடைசியில்தான் வருவாள். ரோலரைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டாள் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்துதான் அவிழ்ப்பாள். ரோலரோடு வெளியே போவது இங்கே சாதாரணம்தான். அவள் மட்டும் துணி இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டாள். "தலை செய்றவ தலை அலங்கோலமா இருந்தா எவ வருவா" என்பாள். அவளோடு இத்தனை வருஷம் வேலை செய்கிற நானே அந்தத் துணிக்கு அடியில் இருப்பதை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இனித்தான் விஷயம். இங்கே எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர். தகப்பனுடையது முன்னால், தாயுடையது பின்னால். கல்யாணம் ஆகாத வீட்டில் தகப்பன் பதிவு அலுவலகத்தில் வந்து நின்று "என் பிள்ளைதான்" என்று சொல்லாவிட்டால் தாயுடையது மட்டும்தான். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் இன்னொன்று உண்டு. பிறந்த பிள்ளையைத் தாய் முதல்முறை கேலரிக்குத் தூக்கி வருகிற ஞாயிற்றுக்கிழமை, முதல் பந்துக்கு முன்னால், பிள்ளையின் பெயரைத் தகப்பனின் குடும்பப் பெயரோடு மைக்கில் கூப்பிடுவார்கள். தகப்பன் எழுந்து தொப்பியைக் கழற்ற வேண்டும். ஊரே கை தட்டும். தொப்பி கழற்றியவன் மறுநாள் அலுவலகத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. தகப்பன் இல்லாத பிள்ளையைக் கூப்பிடுவதில்லை.

எமெரித்தாவின் மகள் யனிரிஸைக் கூப்பிடவில்லை. அவள் தகப்பன் லாரி ஓட்டுகிறவன். மாதம் ஒரு தரம் பால் டப்பாவோடு வருவான், பிள்ளையைக் கொஞ்சுவான், "அடுத்த வாரம் ஆபீஸ் போயிடலாம்" என்பான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. எமெரித்தா ரொம்ப நாள் காத்திருந்தாள் என்று மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் யனிரிஸுக்கு ஞானத்தாய் நான்தான். ஒரே ஒரு குடும்பப் பெயரோடு பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை அது. யாராவது ஒரு பிள்ளையை மைக்கில் கூப்பிடும்போது அது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐஸ் தின்னும்.

அந்த யனிரிஸ் எலியேசெர் உரேன்யாவின் பிள்ளையைச் சுமந்தாள்.

எலியேசெர் எங்கள் அணியின் இடதுகைக்காரன். அவன் வீசுகிற பந்தைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வந்தார்கள். கடைசியில் ஓர் அமெரிக்க அணி அவனை எடுத்துக்கொண்டது, விசா வந்தால் கிளம்ப வேண்டியதுதான். நல்ல பையன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவனை நல்லவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

பிள்ளைக்குப் பெயர் தேட எமெரித்தா பட்ட பாட்டை ஊருக்கே பெயர் தேடியபோதுகூடப் பட்டதில்லை. ராத்திரி சோறு வடிக்கும்போது முணுமுணுப்பாள், தலை சீவும்போது முணுமுணுப்பாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக் கூண்டுக்குப் போனாள். ஆளில்லாத மைதானத்தைப் பார்த்து, மைக் இல்லாமல், வெறும் குரலில் சொல்லிப் பார்ப்பதுதான் வழக்கம். பெயர் ஊருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது, அதுவும் தகப்பன் தொப்பி கழற்றாத பெயர்.

"தமியான் உரேன்யா" என்றாள்.

மைதானம் முழுக்கக் கேட்டது. யாரோ முந்தின நாள் மைக்கைச் சோதித்துவிட்டு அணைக்காமல் போயிருந்தார்கள். நான் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. அந்த 'ன்' போய் அந்த 'உ'வில் கைகோத்துக்கொண்டு, தமியானுரேன்யா என்று ஒரே மூச்சில் ஓடி, கரும்புக் காட்டைத் தாண்டி ஆலைச் சுவரில் மோதித் திரும்பி வந்ததை அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. இவ்வளவு நன்றாகப் பொருந்திய பெயரை நானும் கேட்டதில்லை. ஆனால் அதே பெயரை நோலாஸ்கோவோடு சேர்த்து மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். தமியா நோலாஸ்கோ. எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்தச் சத்தம் க்ரிசெல்தாவின் மளிகைக் கடை வரைக்கும் போயிருந்தது. க்ரிசெல்தா எலியேசெரின் அம்மா. சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. அத்தனை பேரும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையிலேயே பார்லருக்கு வந்துவிட்டாள். உட்காரவில்லை.

"யாரைக் கேட்டு என் வீட்டுப் பேரை மைக்கில போட்ட?"

எமெரித்தா ஒருத்தி தலையில் ரோலர் சுற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "அது உன் புருஷன் வீட்டுப் பேரு க்ரிசெல்தா. உனக்கும் அது வந்ததுதான்."

"வாயக் குறை. என் புள்ள இப்பதான் தலையெடுக்கிறான். அவன் இங்கேருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே கால்ல கயிறு கட்டப் பாக்கறியா? உன் பொண்ணு எவனோட..."

"அந்த வார்த்தைய முடிச்சிராத" என்றேன் நான். சோப்புக் கையோடு எழுந்து நின்றுவிட்டேன்.

க்ரிசெல்தா என்னைக் கண்டுகொள்ளவில்லை. குரலை இறக்கி, எமெரித்தாவிடம் மட்டும் பேசினாள். கத்தியதைவிட அதுதான் மோசமாக இருந்தது. "சத்தியமா சொல்றேன் எமெரித்தா. அந்த ஞாயித்துக்கெழம நீ அந்தப் பேரைக் கூப்பிட்டுப் பாரு. அவன் தொப்பியில கை வைக்க மாட்டான். நான் எதிர்லயே உக்காந்திருப்பேன். ஊரு அவனைப் பாக்காது, உன் பொண்ணு முகத்தத்தான் பாக்கும். உன் புள்ளையையாவது அன்னைக்குக் கூப்பிடாம விட்டாங்க. இவளை மைக் வச்சு அசிங்கப்படுத்தப் போற."

அவள் போன பிறகு பார்லரில் டிரையர் சத்தம்தான். எமெரித்தா ரோலரை மறுபடி அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

"அக்கா, பேரை மாத்திருவோம்" என்றேன். "மத்தேயோன்னு வை. உரேன்யாவுக்கும் ஒத்துவரும், நோலாஸ்கோவுக்கும் ஒத்துவரும். எது நடந்தாலும் புள்ள பேரு கெடாது."

"ரெண்டுக்கும் ஒத்துவர்ற பேரை வச்சா அவன் வரமாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்டி."

"சொன்னாத்தான் என்ன? தெரிஞ்சதுதானே."

"உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது" என்று உள்ளறையைக் காட்டினாள். உள்ளே யனிரிஸ் கட்டிலில் சாய்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு தமியான் தமியான் என்று பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை அப்போதே பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். இனி எப்படிப் பிடுங்குவது?

பிள்ளை பிறந்தான். கறுப்பாக, நீளமாக, ஊரைக் கூட்டுகிற அழுகையோடு. எலியேசெர் ஒருநாள் பின்வாசல் வழியாக வந்தான். முன்வாசலில் வந்தால் அம்மாவின் கடையிலிருந்து தெரியும். பிள்ளையை வாங்கிக்கொண்டான், சிரித்தான், முகர்ந்து பார்த்தான். நான் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை முழுக்க வலது கையில். இடது கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. பந்து வீசுகிற கையில் பாரம் ஏற்றக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இருந்தாலும் பெற்ற பிள்ளைக்கு ஒரு கை போதுமா?

விசா வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை கிளம்புகிறேன் என்றான். யனிரிஸ் அழவில்லை. "ஞாயித்துக்கெழம இருப்பேல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"கடைசி ஆட்டம். நான்தான் வீசறேன்."

எமெரித்தா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தம்பி, அன்னைக்கு நான் புள்ள பேரக் கூப்பிடணும். எந்தக் குடும்பப் பேரச் சொல்லட்டும்? உன் வாயால சொல்லு."

"நீங்க வச்ச பேருதான் நல்லா இருக்கே, தோன்யா எமெரித்தா" என்றான், பெரியவர்களைக் கூப்பிடுகிற மரியாதையோடு.

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்ல."

அவன் யனிரிஸைப் பார்த்தான், பின்வாசலைப் பார்த்தான். "கூப்பிடுங்க. பாத்துக்கலாம்" என்றான்.

பார்த்துக்கலாம். இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் விளக்குமாற்றால் அடிப்பேன். ஆனால் யனிரிஸ் முகம் மலர்ந்துபோயிற்று. அவளுக்கு அது சரி என்று கேட்டது. கேட்க ஆசைப்பட்டது அப்படியே கேட்கும், அந்த வயதில்.

ஞாயிற்றுக்கிழமை கேலரி நிரம்பி வழிந்தது. ஊர்ப் பையன் வடக்கே போவதற்கு முன் கடைசியாக வீசுகிறான். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. யனிரிஸ் முதல் வரிசையில் மஞ்சள் கவுன் போட்டு, பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி உட்கார்ந்திருந்தாள். தலையை நான்தான் செய்துவிட்டேன், ஒரு முடி பிசகாமல். எதிர்ப் பக்கம் க்ரிசெல்தா கறுப்புக் குடை விரித்து, சொன்னபடியே உட்கார்ந்திருந்தாள். எலியேசெர் மைதான நடுவில் பந்து வீசுகிற மேட்டில் நின்று கையைச் சூடேற்ற மெதுவாக வீசிக்கொண்டிருந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது.

கூண்டுக்குள் எமெரித்தாவுக்குப் பக்கத்தில் நான். அவள் தண்ணீர் குடித்தாள், மறுபடி குடித்தாள்.

"வேணாம்க்கா" என்றேன். "கூப்பிடாம விட்டுரு. தொண்ட சரியில்லன்னு சொல்லிரு. அவ அழுதுட்டுப் போவா, ஆனா இத்தனை பேருக்கு முன்னாடி இல்ல."

"கூப்பிடாம விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் மிலெதி. கூப்பிட்டா என்ன ஆகும்னுதான் தெரியாது." மைக்கைத் தட்டினாள். வழக்கமான வணக்கம் சொன்னாள், இரண்டு அணிகளின் பெயரைச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். கேலரியில் கடலை கொறிக்கிற சத்தம்கூட நின்றுபோயிற்று.

"லா கனேலாவுக்கு ஒரு புதுப் பிள்ளை வந்திருக்கு" என்றாள். "தமியான் உரேன்யா."

கடைசி எழுத்தை எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ அவ்வளவு தூரம் இழுத்தாள். ஆலைச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பியது.

எலியேசெர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். ஊரே அவன் தொப்பியைப் பார்த்தது. குடை அசையவில்லை. கழற்றுடா, பாவி, ஒரு துணித் தொப்பி, அதை எடுத்தால் உன் தலை என்ன உதிர்ந்தா போகும் என்று மனதுக்குள் கத்தினேன்.

கழற்றினான்.

யனிரிஸ் பாதி எழுந்துவிட்டாள். சிரித்துவிட்டாள். இரண்டு மூன்று பேர் கை தட்டத் தொடங்கினார்கள். அதற்குள் அவன் முழங்கையை மடக்கி, சட்டைக் கையால் நெற்றியை ஒரு தரம் துடைத்துக்கொண்டு, தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டான். கண் பூமியில் இருந்தது. பந்து வீசுகிறவன் எவனும் வெயிலில் ஒரு நாளைக்கு நூறு தரம் செய்கிற காரியம். தட்டிய கைகள் நடுவில் நின்றுபோயின. பிள்ளைக்காகவும் கழற்றியிருக்கலாம். வேர்வை துடைக்கவும் கழற்றியிருக்கலாம். அவன் அம்மா கேட்டால் ஒன்று சொல்லலாம், யனிரிஸ் கேட்டால் இன்னொன்று சொல்லலாம். எத்தனை கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

ஆனால் ஊர் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தது. சும்மா விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் தட்டியிருப்பார்கள். யனிரிஸ் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை. எமெரித்தா மைக்கை நோக்கிக் குனிவதைப் பார்த்ததும் அவள் தொடையை அழுத்திக் கிள்ளினேன். "விட்டுருக்கா. புண்ணியமாப் போகும், விட்டுரு."

அவள் விடவில்லை.

"எலியேசெர் தம்பி" என்றாள் மைக்கில். பெயர் கூப்பிடுகிற குரல் இல்லை, வீட்டில் பேசுகிற குரல். "தப்பா எடுத்துக்காத. இங்கேருந்து எனக்குச் சரியாத் தெரியல. தொப்பியக் கழட்டினது புள்ளைக்கா, வேர்வைக்கா?"

எலியேசெர் நிமிர்ந்தான். யனிரிஸைப் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். பிறகு குடையைப் பார்த்தான். வாய் அசைந்தது. மேட்டுக்குப் பக்கத்தில் நின்ற அம்பயருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அந்த ஆள் கூண்டைப் பார்த்துத் திரும்பினார். அவருக்கே சங்கடமாக இருந்தது.

"வேர்வைங்கறான், தோன்யா" என்று கத்திச் சொன்னார்.

யனிரிஸ் உட்கார்ந்தாள். பிள்ளையை மார்போடு சேர்த்து, முகத்தை அந்த வெள்ளைத் துணியில் வைத்துக்கொண்டாள். நான் செய்துவிட்ட தலை அலங்காரம் மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, எமெரித்தா மேல் ஆத்திரமும் வந்தது.

எமெரித்தா மைக்கை அணைக்கவில்லை. "நல்லது" என்றாள். "அப்ப அறிவிப்புல ஒரு திருத்தம்."

ஐயோ, நோலாஸ்கோவோடு கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். அந்தப் பெயர் மைக்கில் கரைந்து போகும், தமியா என்று அரைகுறையாக விழும், அதற்கும் நாலு பேர் சிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தமியான்" என்றாள். அந்த 'ன்' முழுசாக முடிகிற வரைக்கும் விட்டாள். அது ஆலைச் சுவரைத் தொட்டுத் திரும்பி வருகிற வரைக்கும் விட்டாள். மூச்சு வாங்கினாள், மைக்கில் அந்த மூச்சும் கேட்டது. அப்புறம், முதல் பெயரைவிட உரக்க, "நோலாஸ்கோ" என்றாள்.

ஒன்று மற்றதை முழுங்கவில்லை. இரண்டும் தனித்தனியாக நின்றன.

கூப்பிட்டாயிற்று. இனி யாராவது எழுந்து தொப்பி கழற்ற வேண்டும். எழ வேண்டியவன் மேட்டில் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேலரியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எமெரித்தா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, கூண்டின் முன்பக்கம் வந்து, எல்லாரும் பார்க்கிற இடத்தில் நின்றாள். கையைத் தூக்கித் தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து, துணியை உருவி, அதைத் தலைக்கு மேலே பிடித்தாள். சிவப்பு ரோலர், நீல ரோலர், பச்சை ரோலர், நடுவில் நரைத்த வேர்கள். ஊருக்கே தலை சாயம் போடுகிறவளுக்குத் தன் நரைக்குப் போட நேரமில்லை என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. கை தட்டினார்கள், முதலில் பெண்கள், பிறகு எல்லாரும். க்ரிசெல்தா குடையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

ஆட்டம் நடந்தது. எலியேசெர் நன்றாகத்தான் வீசினான், அதுதான் எரிச்சல். செவ்வாய்க்கிழமை போனான். அதற்குமேல் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் யனிரிஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எதுக்கும்மா கேட்ட? ஊரு நம்பியிருக்கும். நானும் நம்பியிருப்பேன். எதுக்குக் கேட்ட?"

"உங்கப்பனும் அப்பப்ப தொப்பியக் கழட்டினவன்தான்" என்றாள் எமெரித்தா. "அது வேர்வைன்னு எனக்குப் புரியறதுக்குள்ள நீ வயசுக்கே வந்துட்ட."

யனிரிஸ் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவில்லை. எமெரித்தா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அழும்போது எழுவாள், அழுகை நின்றதும் உட்காருவாள். ரோலரை அவிழ்க்கவும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் யனிரிஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். பதிவு அலுவலகத்துக்குத்தான். நாங்கள் பின்னாலேயே போனோம். எமெரித்தா துணி கட்ட மறந்துவிட்டாள். ரோலர் தலையோடு கடைத்தெரு முழுக்க நடந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "தகப்பன் பேரு?"

யனிரிஸ் அவர் முகத்தையே பார்த்தாள். "இல்ல."

"புள்ளைக்கு என்ன பேரு எழுதட்டும்?"

எமெரித்தா வாயைத் திறந்தாள். பழக்க தோஷம். யனிரிஸ் திரும்பிப் பார்க்காமலே அவள் வாய்க்கு நேரே கையை நீட்டி நிறுத்தினாள். பிள்ளையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டாள்.

"தமியான்" என்றாள். பொறுமையாக ஒரு மூச்சு வாங்கினாள். "நோலாஸ்கோ."

அவள் அம்மா வாங்கிய அதே மூச்சு, அதே இடத்தில். நான் எமெரித்தாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் அங்கேயே அழுது தொலைத்திருப்பேன்.

வெளியே வந்ததும் யனிரிஸ் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "உக்காரும்மா, ஊரே பாக்குது" என்று எமெரித்தாவை அலுவலகப் படியில் உட்கார வைத்தாள். பின்னால் நின்று ரோலர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அவள் மடியில் போட்டுக்கொண்டே வந்தாள்.

"கடைசி எழுத்த இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்" என்றாள் எமெரித்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"தலைய ஆட்டாத" என்றாள் மகள்.